மால்வினாவின் அளவு

கேலா ஆப்பிள் பறிப்பு முடிய இன்னும் சில வரிசைகள்தான் பாக்கி. அந்தச் சனிக்கிழமை காலையில் மால்வினா ஏணியிலிருந்து மயங்கி விழுந்தாள்.

ஏணி என்றால் மூன்று படி வைத்த குட்டை ஏணி. கீழே பனியில் ஊறிய புல். அதனால் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வெகுநேரம் தோட்டத்தை மூடிக் கிடந்த பனிமூட்டம் அப்போதுதான் விலகி, செப்டம்பர் கடைசியில் அபூர்வமாக அடிக்கும் நல்ல வெயில் விழுந்திருந்தது. வரிசைக் கடைசியில் நின்று அடிபட்ட பழங்களை ஜூஸ் ஆலைக்கென்று ஒதுக்கிக்கொண்டிருந்த பிரிகிதாவுக்கு முதலில் பழம் கொட்டுகிற சத்தம்தான் கேட்டது. ஆப்பிளைக் கொட்டக் கூடாது. முட்டையை வைப்பது போல வைக்க வேண்டும். எவள் இப்படிக் கொட்டுகிறாள் என்று திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே திரும்பினாள். மகள் கீழே கிடந்தாள்.

ஒக்சானா முதலில் ஓடி வந்தாள். உக்ரைன் பக்கமிருந்து வருஷா வருஷம் பறிப்புக்கு வருகிறவள். எதற்கும் பதறாத பொம்பளை. "மூச்சு எடுக்கத் திணர்றா, சட்டையத் தளத்து," என்றாள். பிரிகிதா பொத்தான்களை அவிழ்த்துப் பனியனுக்குள் கையை விட்டாள். தோல் தட்டுப்படவில்லை. சொரசொரவென்று கெட்டியாக ஏதோ இருந்தது. தூக்கிப் பார்த்தால் அக்குளிலிருந்து கடைசி விலா வரைக்கும் கிரேப் பேண்டேஜ். அவள் கணவன் செனோன் தன்னுடைய முட்டி வலிக்கு வாங்கி வைத்துவிட்டுக் காணோம் காணோம் என்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு சுருளும் அவன் மகள் நெஞ்சில்தான் இருந்தன.

ஒக்சானா கிளை நறுக்குகிற கவாத்துக் கத்தியை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் அறுத்தாள். மால்வினா நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். கண் திறந்ததும் முதல் வேலையாகச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள். பெட்டி தூக்குகிற ஆண்கள் ஓடி வருவதற்குள் ஒக்சானா தன் கோட்டை விரித்துப் பிடித்து, வெயில் மயக்கம், போங்க போங்க என்று விரட்டிவிட்டாள்.

ஆனால் தெக்லா வந்துவிட்டாள். செனோனுக்கு அக்கா, சாலைக்கு எதிர்ப்புற வீடு, கல்யாணம் ஆகாதவள். பறிப்புக் காலத்தில் எல்லோருக்கும் மத்தியானச் சூப் கொண்டுவருவது அவள் வேலை. புளித்த மாவுச் சூப் தூக்கை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தவள் கண்ணில் பட்டது முழுசும் இல்லை. இடுப்புக்கு மேலே தொங்கிய பேண்டேஜின் கீழ் நுனி மட்டும்தான். அது போதுமாக இருந்தது அவளுக்கு.

மத்தியானம் மாடி அறையில் மகளைப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, பிரிகிதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பேண்டேஜ் அழுத்திய இடமெல்லாம் பாய் பின்னல் மாதிரித் தடம் விழுந்திருந்தது. சில இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. இது ஒரு நாள் வேலை இல்லை.

"எப்போலேருந்துடி?"

"வேனக்காலத்துலேருந்து. செர்ரிப் பழம் பறிக்கறப்பலேருந்து."

"எதுக்கு?"

மால்வினா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னாள். பறிக்கிறவர்கள் ஏணிக்குக் கீழே நின்று பேசிக்கொள்வது காதில் விழுகிறது. கையைத் தூக்கினால் ஒரு சிரிப்பு, குனிந்தால் ஒரு சிரிப்பு. பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குப் பால் பண்ணை என்று பெயர். வாலிபால் விட்டதும் அதனால்தான். குதித்தால் வலி, குதித்து முடித்தால் சிரிப்பு.

"எனக்குப் பிரா கிடைக்கலம்மா. நான் தேடாம இல்ல. மாருக்குச் சேர்ந்தா முதுகுல கயிறு மாதிரித் தொங்குது. முதுகுக்குச் சேர்ந்தா மாரு பாதி வெளிய நிக்குது. எங்க போனாலும் இதே கதை."

பிரிகிதாவும் அப்படித்தான். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். வியாழக்கிழமைச் சந்தையில் கம்பிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கும் பாடிகளில் கண் அளவுக்குப் பெரிதாக ஒன்றை எடுப்பாள். கோட்டுக்கு மேலே வைத்துப் பார்ப்பாள். பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். தோளில் பட்டை அறுத்த பள்ளத்தில் ஒரு விரலைப் படுக்க வைக்கலாம். அது துணியின் குற்றம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உடம்பு இப்படி வாய்த்துவிட்டது, துணி என்ன செய்யும் என்றே இருந்துவிட்டாள்.

"இதை ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சந்தைக்குக் கூட்டிட்டுப் போவே."

அது நிஜம்தான். பிரிகிதா எழுந்து போய்க் களிம்பு எடுத்துவந்து தடவினாள்.

சாயங்காலம் செனோன் சமையலறைக்குள் வந்து, கையைக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினான். அவன் அப்படி இரண்டு தடவை கழுவினால் மனசில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். தெக்லா அவனைக் குளிர்க்கிடங்கு வாசலில் மடக்கிச் சொல்லிவிட்டாள். அங்கேயே நிறுத்தாமல், ரொட்டி வாங்கப் போன இடத்தில் ஸ்டெஃபானியா கடையிலும் சொல்லியிருந்தாள். ஸ்டெஃபானியா கடையில் சொன்னது கோயில் மணியில் சொன்ன மாதிரி.

"எத்தனை மாசம்?" என்றான் செனோன், சுவரில் தொங்கிய துண்டைப் பார்த்து.

"என்ன எத்தனை மாசம்?"

"வயித்தைக் கட்டிக்கிட்டு ஏணி ஏறியிருக்கா. பையன் யாரு? பறிக்க வந்தவனா?"

பிரிகிதா கையிலிருந்த உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்றாள். அப்புறம் எதற்குக் கட்டிக்கொண்டாள் என்று அவன் கேட்டான். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவர்கள் கிடங்குக் கடனைப் பேசியிருக்கிறார்கள், பூவை உதிர்த்த பனியைப் பேசியிருக்கிறார்கள், அவன் அம்மாவின் சாவைப் பேசியிருக்கிறார்கள். இதைப் பேசியதில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "மாரு பெருசா இருக்கு அவளுக்கு. பாடி சேர மாட்டேங்குது. அதான் கட்டியிருக்கா," என்றாள்.

செனோன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அப்புறம், "அவ்வளவுதானா?" என்றான்.

"அவ்வளவுதானான்னா என்ன அர்த்தம்? புள்ள மூச்சு நின்னு விழுந்திருக்கா."

"இல்ல, இல்ல. நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அதுக்கென்ன, நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு."

ஆண்பிள்ளைக்கு எல்லாம் சுலபம் என்று பிரிகிதா நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் கொடுமை. ஸ்டெஃபானியா மட்டும் வாசலில் வந்து பிரிகிதாவின் கையைப் பிடித்து, குழந்தை என்பது கடவுள் கொடுக்கிறது, வருத்தப்படாதே என்றாள். பிரிகிதா கையை உருவிக்கொண்டு வந்தாள். வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்தே மால்வினா புரிந்துகொண்டாள். மேலே போய்க் கதவைச் சாத்தினவள் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை.

அந்த வாரத்துக்குள் மால்வினா லுப்ளின் நகரத்துக்குக் கிளம்ப வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தப் படிப்புக்குப் போகிற முதல் பெண். செவ்வாய்க்கிழமை அவள் கீழே வந்து, போகப்போவதில்லை என்று சொன்னாள். விடுதி அறையில் மூன்று பேர், எல்லோர் முன்னாலும் துணி மாற்ற வேண்டும், என்னால் முடியாது என்றாள். அறுவை செய்து குறைத்துக்கொள்ளலாம், ஒரு வருஷம் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு அதைச் செய்துகொள்கிறேன், அப்புறம் படிப்பைப் பார்க்கலாம் என்றாள். அழாமல், யோசித்து முடித்தவள் மாதிரிச் சொன்னாள். அதுதான் பிரிகிதாவைப் பயமுறுத்தியது.

"ஒரு தடவை எங்கூட வா. கிடைக்கலன்னா அப்புறம் நீ சொல்ற மாதிரி."

"சந்தைக்கா?"

"சந்தைக்கு இல்லடி. கடைக்கு."

புதன்கிழமை பக்கத்து ஊரான க்ரூயெட்ஸுக்குப் போனார்கள். சர்ச் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய உள்ளாடைக் கடை. நல்ல கண்ணாடி அலமாரி, நல்ல விளக்கு. உள்ளே இருந்த அம்மாள் மால்வினாவை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசல் வரைக்கும் கேட்கிற குரலில், இந்த இடுப்புக்கு இந்த மார் எங்கிருந்து வந்தது, கண்ணு, தொண்ணூறு அளவு எடுத்துக்கோ, பின்னால் ரெண்டு கொக்கியை உள்ளே தள்ளித் தைத்துக்கொள் என்றாள். கடையில் நின்ற ஒரு கிழவர், மனைவிக்குக் காலுறை வாங்க வந்தவர், திரும்பிப் பார்த்தார். மால்வினா அந்தத் தொண்ணூறைப் போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கினால் அது கழுத்துக்கு ஏறியது. வேறு ஏதாவது என்று பிரிகிதா கேட்டதற்கு, இதைவிடப் பெரிசு ஒல்லியானவர்களுக்கு வருவதில்லை, உடம்பு பெருத்தவர்களுக்குத்தான் என்று பதில் வந்தது.

அங்கிருந்து நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய அங்காடிக்குப் போனார்கள். அங்கே பந்தி பந்தியாகத் தொங்கின, எல்லா நிறத்திலும். ஆனால் எல்லாம் ஒரே ஆளுக்குத் தைத்த மாதிரி. உள்ளே ஸ்பாஞ்சு வைத்து இல்லாததை இருக்கிற மாதிரிக் காட்டுகிற சரக்கு. எனக்கு எதுக்கும்மா ஸ்பாஞ்சு என்று மால்வினா சொன்னபோது பிரிகிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. விற்கிற பெண் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், உங்கள் அளவு இங்கே வராது, இணையத்தில் பாருங்கள் என்றாள். அளவே என்னவென்று தெரியாமல் இணையத்தில் எதைப் பார்ப்பது என்று பிரிகிதா கேட்டாள். அந்தப் பெண்ணுக்கும் அது தெரியவில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது மால்வினா, "பாத்தாச்சில்ல," என்றாள்.

வீட்டுக்கு வந்து பிரிகிதா கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது சொல்வதில் கூச்சம் இல்லை. கோபம் வந்தால் கூச்சம் போய்விடுகிறது. செனோன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு பூட்சை மாட்டிக்கொண்டு எழுந்து, சாலையைக் கடந்து, அக்காள் வீட்டுக்குள் போனான். உள்ளே என்ன பேசினான் என்று பிரிகிதாவுக்குத் தெரியாது. சன்னலில் பார்த்தால், அவன் நின்றுகொண்டு பேசுகிறான், தெக்லா உட்கார்ந்திருக்கிறாள். வழக்கத்தில் அது தலைகீழாக இருக்கும்.

மறுநாள் விடியும்போதே மழை. ஈரத்தில் பறித்தால் பழம் கிடங்கில் அழுகும்; பறிப்பு இல்லை. ஒக்சானாவும் மற்றவர்களும் கொட்டகையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிரிகிதா அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்த நேரம் தெக்லா தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். மன்னிப்பு கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அது வராது.

"புள்ளையக் கிளப்பு. ராதோமுக்குப் போவோம்."

"எதுக்கு?"

"அங்க ஒரு பொம்பளை இருக்கா. அளவெடுத்துக் குடுக்கறவ. ஈவோனான்னு பேரு." ஈரமான பையைத் தொட்டியில் உதறினாள். "நான் அங்கதான் வாங்கறேன்."

பிரிகிதா அவளை நன்றாகப் பார்த்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளில் பார்த்த தெக்லா கூன் போட்டு, கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நடக்கிறவள். அஞ்சல் அலுவலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அப்படி ஆகிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்ச வருஷமாகவே அவள் நிமிர்ந்து நடந்தாள். ஓய்வூதியம் வந்த திமிர் என்று பிரிகிதா நினைத்திருந்தாள்.

"எவ்வளவு நாளா வாங்கறே?"

"மூணு வருஷம் இருக்கும்."

"மூணு வருஷமா." பிரிகிதா கெண்டியை இறக்கி வைத்தாள். "இந்தச் சாலைக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு மூணு வருஷமா எம்புள்ள கூனிக் கூனி நடக்கறதப் பாத்துக்கிட்டிருந்தியா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது? ஊரெல்லாம் போய் வயித்துல புள்ளன்னு சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு இது வரலியா?"

"வரல," என்றாள் தெக்லா.

"ஏன் வரல?"

தெக்லா உட்கார்ந்தாள். "எங்கப்பா சாப்பாட்டு மேசையில எனக்கு முன்னால துண்டை எடுத்துப் போடுவாரு. மூடிக்கோன்னு. வார்த்தையே கிடையாது, துண்டு மட்டும்தான். நான் பன்னெண்டு வயசுலேருந்து அதை மூடிக்கிட்டே இருந்தவ. ஒன் புள்ளைக்கிட்டப் போய் எப்படிச் சொல்றது? ஒனக்கும் என்னை மாதிரி இருக்குடின்னு சொல்லணும். அது வசவு மாதிரி இருந்துச்சு எனக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தப் பேண்டேஜைப் பாத்தப்பகூட எனக்கு இது தோணல பாரு. எனக்கே தோணல. வேற என்னமோதான் தோணுச்சு."

பிரிகிதா அடிக்கிற மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாடிப்படிக்குக் கீழே போய் மகளைக் கூப்பிட்டாள்.

மால்வினா லேசில் வரவில்லை. முதலில் மாட்டேன் என்றாள், பிறகு அத்தை இருந்தால் மாட்டேன் என்றாள். தெக்லா மாடி ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே என்ன காட்டினாளோ என்ன சொன்னாளோ, கொஞ்ச நேரத்தில் மால்வினா கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

ராதோமில் அது பல் டாக்டர் வீட்டுக்கு மேலே இருந்த ஓர் அறை. பெயர்ப் பலகை இருந்தும் இல்லாத மாதிரி. படி ஏறும்போது கீழே யாருக்கோ பல் ராவுகிற சத்தம் கேட்டது. ஈவோனா என்பவள் ஒல்லியாக, தொண்டை கட்டின குரலோடு, வாயில் சாண்ட்விச்சோடு கதவைத் திறந்தாள். தெக்லாவைப் பார்த்ததும், "கூட்டமா வந்திருக்கீங்களே, எனக்கு நாற்காலி ரெண்டுதான் இருக்கு," என்றாள்.

சுவர் முழுக்கப் பெட்டிகள். அவள் மால்வினாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் டேப்பை விலாவைச் சுற்றி இழுத்தாள். பேண்டேஜ் தழும்பைப் பார்த்திருப்பாள், ஒன்றும் கேட்கவில்லை.

"அறுபத்தஞ்சு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அறுபத்தஞ்சா?" என்றாள் பிரிகிதா. "அவளுக்குத் தொண்ணூறுன்னாங்களே."

"தொண்ணூறு ஒங்க வீட்டுக்காரருக்குச் சேரும். முதுகு அறுபத்தஞ்சு. தாங்கறது முதுகுதான், தோள் இல்ல. கப் வேற கணக்கு, அது எழுத்துல வரும். ஜி வச்சுப் பாப்போம்."

பிரிகிதா விரல் விட்டு எண்ணினாள். சந்தையில் டி என்பதுதான் கடைசி எழுத்து. அதற்கு அப்புறமும் எழுத்து இருக்கிறது, அதில் பாடி தைக்கிறார்கள் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

ஜி சேரவில்லை. ஈவோனா தன்னையே திட்டிக்கொண்டு இன்னொரு பெட்டியை இறக்கினாள். அதில் கப் சேர்ந்தது, கம்பி அக்குளில் குத்தியது. அடுத்ததில் கம்பி சரி, நடுவில் துணி எழும்பி நின்றது. அதற்கடுத்தது எல்லாம் சரி, ஆனால் மால்வினா குனிந்தால் மேலே பிதுங்கியது. பெட்டிகள் தரையில் குவிந்தன. ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னால், 'இதுவும் இல்ல' என்று மகளின் குரல் கேட்கும்போது பிரிகிதா தரையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மூடி வைத்தாள். தெக்லா ஜெபமாலை உருட்டுகிற மாதிரிக் கைப்பை வாரை உருட்டிக்கொண்டிருந்தாள். மழை சன்னலில் வழிந்தது. ஈவோனா நடுவில் வெளியே வந்து மிச்சச் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு, "ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரித் தைக்கறானுங்க," என்று அலுத்துக்கொண்டாள்.

கடைசியில் ஏணி போட்டு மேல் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தாள். சாதாரண வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவான நிறம், ஒரு பூவேலையும் இல்லை. திரை மூடியது. கொக்கி மாட்டுகிற சத்தம். குனி, கையை விட்டுச் சரி பண்ணு, நிமிரு என்று ஈவோனா சொல்வது கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"என்னடி?" என்றாள் பிரிகிதா.

பிறகு 'தொம்' என்று ஒரு சத்தம். மறுபடியும் ஒரு தொம். மரத் தரை அதிர்ந்தது. கீழே பல் ராவுகிற சத்தம் நின்றுவிட்டது.

"குதிக்கறா," என்றாள் ஈவோனா, திரைக்கு வெளியே தலையை நீட்டி. "குதிக்கட்டும்."

மால்வினா சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அதே பழைய சட்டைதான். ஆனால் பொத்தான்கள் இழுபடாமல் நின்றன, நடுவில் வாய் திறக்கவில்லை. வலையருகே பந்தைத் தடுக்கிறவள் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கினாள், இறக்கினாள், மறுபடியும் தூக்கினாள். "வலிக்கலம்மா," என்றாள். "எங்கயும் வலிக்கல." அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, சிரிக்கவில்லை, கணக்குக்கு விடை வந்தவள் மாதிரி ஆச்சரியமாக இருந்தாள். அழுதது தெக்லாதான். மூக்கைச் சிந்திவிட்டு, பல் டாக்டர் மருந்து நாற்றம் கண்ணை எரிக்கிறது என்றாள்.

"அடுத்து நீங்க," என்றாள் ஈவோனா பிரிகிதாவைப் பார்த்து.

தனக்கு வேண்டாம், இனிமேல் என்ன என்று பிரிகிதா சொன்னாள். மகளும் நாத்தனாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். அவளுக்கு இரண்டாவதே சேர்ந்துவிட்டது. ஈவோனா தோளின் பள்ளத்தை விரலால் தொட்டு, இது மேடாக நாளாகும், ஆனால் ஆழமாகாது என்றாள். பிரிகிதா கண்ணாடியில் பார்த்தாள். இருபது வருஷமாகப் பெட்டி தூக்கி முதுகு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். முதுகு அங்கேயேதான் இருந்தது. ஒரு நிமிஷம் அப்படியே நின்று மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விட்டு, அது போகிற வழியைக் கவனித்தாள்.

திரும்பும் வழியில், லாரிக்காரர்கள் சாப்பிடும் இடத்தில் நிறுத்தினார்கள். முட்டைக்கோஸும் காளானும் வைத்த கொழுக்கட்டை, வெங்காயம் வதக்கிப் போட்டது. மால்வினா ஒரு தட்டை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அதையும் முடித்துவிட்டு அம்மா தட்டைப் பார்த்தாள். கோடை முழுக்க அவள் இரண்டு கரண்டிக்கு மேல் சாப்பிடாததைப் பிரிகிதா பார்த்திருந்தாள். உடம்பை இளைக்க வைக்கிறாள் என்று நினைத்திருந்தாள்.

"கட்டு போட்டுக்கிட்டுச் சாப்பிட முடியாதும்மா," என்றாள் மால்வினா, வாய் நிறைய. "உள்ள இடமே இருக்காது."

பிரிகிதா தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். தெக்லாவும் தன் ஊறுகாய் வெள்ளரிக்காயை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

வீட்டில் செனோன் உருளைக்கிழங்கு வேக வைக்கிறேன் என்று அடி பிடிக்க வைத்திருந்தான். மகள் உள்ளே வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு பிரிகிதாவின் முகத்தைப் பார்த்தான். கருகின சட்டியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, "லுப்ளினுக்கு ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பினா சரியா இருக்குமா?" என்றான்.

"சனிக்கிழமையே போயிடலாம்பா," என்றாள் மால்வினா. "விடுதில நல்ல கட்டிலா பாத்துப் புடிக்கணும்."

அவளைக் கொண்டுபோய் விட்டுவந்த மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நின்ற நேரம் தெக்லா ஸ்டெஃபானியாவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். பிரிகிதா தூரத்திலிருந்து பார்த்தாள். தெக்லா குரலை உயர்த்தவில்லை. ஆனால் அஞ்சல் அலுவலகத்தில் பேர் படித்துக் கூப்பிட்ட குரல், தானாகவே எல்லோருக்கும் எட்டும். என் தம்பி மகள் வயிற்றில் ஒன்றும் இல்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன், அவளுக்கு என் மார், எங்கள் வம்சத்து மார், அதற்கு அளவான பிரா ஊரில் ஒரு கடையிலும் இல்லை, அதனால் கட்டிக்கொண்டாள், இப்போது ராதோமில் கிடைத்துவிட்டது, புள்ள படிக்கப் போய்விட்டாள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். ஆண்கள் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார்கள். பாதிரியார் ஏதோ மறந்தவர் மாதிரி உள்ளே போய்விட்டார். செனோன் மட்டும் அக்காள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

அந்த வாரம் ஜோனகோல்ட் ஆப்பிள் பறிப்பு. பொழுது சாய்கிற நேரத்தில் பிரிகிதா கிடங்குக்கு முன்னால் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றபோது, ஸ்டெஃபானியா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தோட்டத்துக்கு அவள் வந்ததே கிடையாது. ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ரொட்டியைக் கொடுத்தாள், பறிப்பு எப்படி என்றாள், விலை எப்படி என்றாள், பனி சீக்கிரம் வரும் போலிருக்கிறதே என்றாள். பிரிகிதா ஆம், ஆம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பொம்பளையை நிற்க வைத்து வேடிக்கை பார்க்க வேண்டும் என்று மனசில் ஓர் ஆசை இருந்தது. ஸ்டெஃபானியா சைக்கிளைத் திருப்பினாள். திருப்பிவிட்டு நின்றாள்.

"இந்தக் கம்பி எனக்கு இங்க குத்துது பிரிகிதா," என்றாள், கோட்டுக்கு மேலே விலாவைத் தொட்டு. "கல்லாவுல உக்காந்தா குத்துது. புண்ணாவே ஆயிடுச்சு. தெக்லாவைக் கேக்க எனக்கு முகம் இல்ல. அந்த ராதோம் இடம், அது எங்கன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

பிரிகிதா அவளைப் பார்த்தாள். ஆசை எங்கே போனதென்று தெரியவில்லை.

"தனியாப் போனா கண்டுபிடிக்க மாட்டீங்க, மாடியில இருக்கு," என்றாள். "மழை பெய்யற அன்னைக்குப் பறிப்பு இருக்காது. அன்னைக்கு வாங்க. ஒக்சானாவும் வரேன்னிருக்கா. வண்டியில எடம் இருக்கு."

ஸ்டெஃபானியா தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனாள். தோட்டத்தில் இன்னும் பாதி ஜோனகோல்ட் மரத்திலேயே நின்றது. அதற்குப் பின்னால் ஐடாரெட் ஆப்பிள் முழுசும் கிடந்தது. மேற்கே வானம் துடைத்து வைத்தது போலத் தெளிவாக இருந்தது. இன்னும் பத்து நாளைக்கு இப்படியே அடிக்கும் என்று காலையில்தான் செனோன் சந்தோஷமாகச் சொல்லியிருந்தான். ஆப்பிள்காரன் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து பறிப்புக் காலத்தில் பிரிகிதா கடவுளிடம் கேட்டிராத ஒன்றை அன்றைக்குக் கேட்டாள். ஒரே ஒரு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், மழை வந்தால் தேவலை.